ஆளுக்கு நாலு சாட்சி

திருத்தணி தாலுகா ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பங்காளிகள். வரப்புத் தகராறில் ஒருவர்மேல் ஒருவர் மனு கொடுக்க, கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரே பைக்கில் வந்திருந்தார்கள்.

“நேத்து உன்ன மண்வெட்டியால அடிச்சிருப்பேண்டா,” என்றார் மூத்தவர், தன் டீயில் பாதியை இளையவருக்கு ஊற்றியபடி.

“தெரியும்ணா. நானுந்தான் கல்ல எடுத்துட்டேனே.”

“தெனம் ரெண்டு பேரும் அதே வரப்புலதான் வேல செஞ்சிகினு இருக்கோம். அப்பல்லாம் கோவமே வர்றதில்ல.”

“ஆங். நேத்து ஊரே நின்னு பார்த்துகினு இருந்துச்சு. எப்படிண்ணா வுட்டுட்டுப் போறது?”

“எனக்கும் அதான்.”

இருவரின் மனுக்களையும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா சொன்னார்: “வியாழக்கிழமை அளக்க வர்றோம். ஊர்லேர்ந்து ஆளுக்கு நாலு சாட்சி கூட்டிகினு வந்து நில்லுங்க.”



“நான் மண்வெட்டிய வூட்லயே வச்சிட்டு வரேன்,” என்றார் மூத்தவர். “நீ கல்லு இல்லாத பக்கமா நில்லுடா.”