பேசாதீங்க, பிரஷர் ஏறும்

பேசாதீங்கண்ணே, பேசாதீங்க. பேசினா பிரஷர் ஏறும், அதான் ரூல்ஸ். நான் பேசலாம், எனக்கு ரூல்ஸ் இல்ல. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க போதும். கால் மேல கால் போடக்கூடாது, எறக்குங்க. ஆ. முதுகு நல்லா நாற்காலியில சாயட்டும். கைய மேச மேல இப்படி நீட்டுங்க. இறுக்குதா? இறுக்கும்லா, அதுக்கு வேலையே அதான். எங்க மாமியாருக்கு இந்தப் பட்டைய கட்டினவுடனே என்னைய திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. நான் அவங்க கைய ஒடைக்கப் பாக்குறேனாம். அம்புட்டு திட்டியும் நூத்தி இருபது தான் காட்டிச்சு! பேசினா ஏறும்ங்கிற ரூல்ஸே அவங்ககிட்ட தோத்துப் போச்சு.

சிரிங்கண்ணே, சிரிப்புக்குத் தடை இல்ல. ஆ, அப்படித்தான். சிரிச்சா எவ்ளோ நல்லா இருக்கீங்க. வரும்போது தலவலி, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு வந்தீங்க பாருங்க, நான் பயந்துட்டேன். தைப்பூசத்தன்னிக்கு இப்படி ஒரு மொகமான்னு.

இருங்க, வருது, வருது நம்பர். ம்.

ச்சே, இந்த மெஷின் இருக்கே. ஒண்ணும் இல்லண்ணே, கொஞ்சம் சேட்ட பண்ணுது. காலையிலேருந்து ரோட்டுல தேங்கா ஒடைக்கிற சத்தம், மேளம், ஸ்பீக்கரு, அதுவும் மெரண்டு போயிருக்கும். அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு தடவ எடுக்கணும். அதுவும் ரூல்ஸ். சுபா! ஏய் சுபாஷினி! இங்க வாம்மா. மைதானத்துப் பக்கம் போயி பெரிய ஐஸ் கொண்டுவரச் சொல்லு. ஆமாலா, பெரிய ஐஸ். தெரியும்ல? ஓடு.

பாத்தீங்களா, எங்க பந்தல் புள்ள, செருப்புகூட மாட்டாம ஓடுறா. அவ அப்படித்தான். ஐஸுன்னா உசுரு.

எங்க எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்கண்ணே. அஞ்சு நிமிஷத்துல தண்ணிமலைக் கோயிலு எங்கயும் ஓடிடாது. இந்தாங்க, தண்ணி. மெதுவா, ஒரு வாய். இதான் பந்தல்லயே நல்ல தண்ணி, சீனி இல்லாதது.

அந்த ரோஸ் கலர் தண்ணி வேணுமா? அதுக்கு ஒரு கத இருக்கு, கேளுங்க. எனக்கு ஊரு பாயான் பாரு. என் பேரு லோகேஸ்வரி. ஃபேக்டரியில செக்கிங் வேல, நாள் பூரா மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சிக்கிட்டு எது கோணலா இருக்கு, எது நேரா இருக்குன்னு பாக்கணும். அதோ மோர் ஊத்துறாளே தலையில துண்டு போட்டுக்கிட்டு, அவ ஸஹ்ரா. எங்க ஃப்ளாட்டுல கீழ் வீடு. அவ வீட்டுக்காரரு நாசி கண்டார் சோத்துக்கட வச்சிருக்காரு. ஊருக்கெல்லாம் கொழம்ப வெள்ளமா ஊத்தி பிரஷர ஏத்துறது அவரு. அத எறக்குறதுக்கு கிளாஸ் போனது இவ! போனவ என்னையும் இழுத்துட்டுப் போனா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கிளினிக்குல நர்ஸு சொல்லிக் குடுத்தாங்க. பிரஷர் எப்படி பாக்குறது, சக்கர எப்படி பாக்குறது, பூச்சட்டியில கொசு முட்ட போட்டிருக்கான்னு எப்படி பாக்குறதுன்னு. நாங்க டாக்டர் இல்ல, நர்ஸு இல்ல, சும்மா பக்கத்து வீட்டு ஆளுங்க. ஆனா பக்கத்து வீட்டு ஆளுங்களுக்குத் தானேண்ணே எல்லாம் தெரியும்? யாரு வீட்டுல யாரு மாத்திர சாப்புடுறதில்லைன்னு டாக்டருக்கா தெரியும்? எங்களுக்குத் தெரியும்.

ரோஸ் தண்ணிக்கு வரேன், வரேன். போன வருசம் நானும் ஸஹ்ராவும் பெருசா ஒரு போர்டு வச்சோம். குறைந்த சீனி, உடலுக்கு நல்லதுன்னு. ஒரு ஈ வரலண்ணே! நெசமாத்தான். எல்லாரும் எதுத்த பந்தலுக்குப் போயி பாகு மாதிரி குடிச்சிட்டு வந்து எங்களப் பாத்து பாவப்பட்டாங்க. ஒரு அம்மா, கோயில் பந்தல்ல கூடவா கஞ்சத்தனம்னு கேட்டுட்டுப் போனாங்க. இந்த வருசம் போர்ட தூக்கிட்டோம். அதே தண்ணி, அதே அளவு சீனி, வாய தொறக்கல. காலையிலேருந்து நாலு அண்டா காலி! அதே அம்மா வந்து, இந்த வருசம் தான் நல்லா போட்டிருக்கீங்கன்னு சொல்லி போத்தல்ல வேற புடிச்சிட்டுப் போறாங்க. ஸஹ்ரா அண்டாவுக்குப் பின்னால ஒக்காந்து சிரிக்கிறா, சிரிக்கிறா, அவ துண்டே அவுந்துருச்சு.

ஆ! இப்ப சிரிச்சீங்க பாருங்க, அது சிரிப்பு. பல்லெல்லாம் தெரியுது.

வேல் வேல்! அண்ணே, அங்க பாருங்க, மயில் காவடி. எம்மாம் பெருசு! கைய எடுங்க, ரெண்டு கையும். தலைக்கு மேல, நல்லா தூக்கிக் கும்புடுங்க. அப்படியே வச்சிருங்க, எறக்காதீங்க. காவடி தாண்டட்டும். ரெண்டும் ஒரே ஒசரத்துல இருக்கணும், அப்பத்தான் முருகனுக்குத் தெரியும். வேல் வேல்! ம், போதும், எறக்குங்க. ஜோரா தூக்கினீங்க.

எந்த ஊருண்ணே? இப்ப பேசலாம், மெஷின் ஓடல. சிம்பாங் அம்பாட்டா! முழுசா சொல்லுங்க, தாமான் பேரு, ஜாலான் பேரு, எந்தக் குடியிருப்பு எந்தத் தெருன்னு எல்லாம் சேத்து. ஏன்னா எங்க நாத்தனாரு அங்கதான் இருக்கா. இன்னொரு தடவ சொல்லுங்க? அடேங்கப்பா, ஒரு எழுத்து கொளறாம சொல்றீங்க, ரேடியோவுல செய்தி வாசிக்கலாம். பேரு? அய்யாக்கண்ணு. நல்ல பேரு. அய்யாக்கண்ணு அண்ணனுக்கு என்ன வேல? பிறை ஊருல லோரி ஓட்டுறீங்க. அதான் தோள் அப்படி இருக்கு. காவடி எடுக்குறதுக்குன்னே செஞ்ச தோளு.

ஓ, காவடி எடுக்கத்தான் வந்தீங்களா? எப்போ, இன்னிக்கா? இப்பவா!

என்ன வேண்டுதல்? பேத்தியா! மொதப் பேத்தி! மகளுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சா? ரெண்டு உசுரும் பொழச்சா காவடின்னு வேண்டுனீங்க. பொழச்சிருச்சு. முருகா. எனக்குப் புல்லரிக்குதுண்ணே, பாருங்க என் கைய. ஃபோன்ல படம் இருக்கா? காட்டுங்க, காட்டுங்க. ஐயோ, என்னா கன்னம்! மூக்கு மட்டும் உங்க மூக்கு, பாவம். கோச்சிக்காதீங்க, பொம்பளப் புள்ளைக்கு அந்த மூக்கு லட்சணம் தான். மக எங்க? கீழ காவடி கட்டுற எடத்துலயா? கொழந்தையோடவா? பச்ச சேல, கைக்கொழந்த. ஸஹ்ரா, கேட்டுச்சா? அந்தப் புள்ளைய இங்க கூட்டிட்டு வா, நாங்க எல்லாம் பேத்திய பாக்கணும். போ போ, மோரு கெடக்கட்டும்.

சரி, கையக் குடுங்க, ரெண்டாவது தடவ. இப்ப பேசாதீங்க. மூச்ச சாதாரணமா விடுங்க.

ம். இல்லண்ணே, இதுக்கு கிறுக்கு புடிச்சிருக்கு. அந்தக் கையக் குடுங்க, அதுலயும் பாத்துருவோம். அதுலயும் அப்படித்தான் காட்டுது. இருங்க, என் கையில போட்டுப் பாக்குறேன். நூத்தி பதினெட்டு. பாத்தீங்களா? என்கிட்ட ஒழுங்கா இருக்கு. ஆம்பளைங்கள பாத்தா தான் இதுக்கு என்னமோ ஆவுது. வெக்கப்படுது போல.

உங்களுக்கு பிரஷர் இருக்கான்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. இருக்கா? மாத்திர இருக்கா? அப்பறம் என்ன, காலையில போட்டீங்களா?

போடலையா. நேத்து?

விரதம் ஆரம்பிச்ச நாள்லேருந்தேவா?

யாரு சொன்னா? வாட்ஸ்அப் குரூப்புலயா. மாத்திரையில மாட்டு எலும்பு கலக்குறாங்க, விரதம் கெட்டுப் போயிரும்னு. சரி. டாக்டர்கிட்ட கேட்டீங்களா, என்கிட்ட இது இருக்கு, விரதத்துக்கு ஆவுமா ஆவாதான்னு? கேக்கல. குரூப்புல போட்டது யாரு? தெரியாது. அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்கக் கூடாது. முருகன் உங்ககிட்ட மீன விடச் சொன்னாரு, விட்டீங்க. கோழிய விடச் சொன்னாரு, விட்டீங்க. கட்டில்ல படுக்காதன்னாரு, தரையில படுத்தீங்க. பேத்திக்காக இத்தன நாளு ஒரு வேள சாப்பாடு. எல்லாம் சரி. டாக்டரு குடுத்தத விடுன்னு அவரு எப்ப சொன்னாரு? அவரு பேர்ல வேற யாரோ மெசேஜ் அனுப்பிச்சிருக்கான், நீங்க கேட்டுட்டீங்க.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. நல்லா வாய விரிச்சு.

இது உங்க ஒருத்தரு கத மட்டும் இல்லண்ணே. எங்க ஃப்ளாட்டுல ஒரு அக்கா சக்கர ஊசிய நிப்பாட்டிட்டாங்க, ஒடம்புல ரத்தம் வந்தா தீட்டுன்னு. நானும் ஸஹ்ராவும் நேரா கோயிலுக்குப் போயி குருக்களையே கேட்டோம். அவரு வேட்டிய மடிச்சு தொடையக் காட்டுறாரு, ஊசி போட்ட தழும்பு! பூஜ முடிச்சதும் போட்டுக்குவாராம். அத அப்படியே ஃபோன்ல பேச வச்சு ஃப்ளாட்டு பூரா அனுப்பிச்சோம். தொடைய அனுப்பலண்ணே, பேச்ச மட்டும்! மறுநாளே அந்த அக்கா ஊசி போட்டாச்சு. உங்களுக்கும் அனுப்புறேன், உங்க குரூப்புல போடுங்க. எலும்ப அதுல கரைச்சிருவோம்.

நேரமாச்சுங்கிறீங்க. மேளக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. தெரியும். எந்திரிக்காதீங்கண்ணே. தல இன்னும் வலிக்குதா? பின்னாலயா? ம். கண்ணு நல்லா தெரியுதா? நான் எத்தன பேரு? ஒருத்தி தானே, ரெண்டு லோகேஸ்வரி தெரிஞ்சா சொல்லிருங்க, உலகம் தாங்காது.

ஆ, வந்துட்டாங்க. சுபா, இந்தப் பக்கம்! வழி விடுங்க தம்பி, அந்த அண்டாவ கொஞ்சம் நகத்துங்க. அண்ணே, திரும்பி எந்திரிக்காதீங்க, ஒக்காந்தபடியே இருங்க. அந்தச் சக்கர நாற்காலி உங்களுக்குத் தான். ஆமா. ஆம்புலன்ஸு அந்த முக்குல நிக்குது.

ஐஸ் இல்லண்ணே. பெரிய ஐஸ்னா இந்த ஆம்புலன்ஸு ஆளுங்கதான். கூட்டத்துல கத்திக் கூப்பிட்டா ஆளு பயந்துரும், பயந்தா இன்னும் ஏறும், அதான் எங்களுக்குள்ள அப்படி ஒரு பேரு.

நம்பரா? சொல்றேன், மறைக்கல. மேல இருநூத்தி பதினாறு, கீழ நூத்தி இருவத்தெட்டு. மூணு தடவையும் கிட்டத்தட்ட அதேதான், ரெண்டு கையிலயும். மெஷினுக்கு ஒரு கொறையும் இல்ல, புதுசு. ஆம்புலன்ஸு தம்பி, கேட்டுக்கிட்டீங்களா? பின்தல வலி, விரதம் ஆரம்பிச்சதுலேருந்து மாத்திர இல்ல. கண்ணு நல்லா தெரியுதுங்கிறாரு.

காவடி எங்கண்ணே போகும்? நீங்க ஏற வேண்டியது ஐநூறு படி. இந்த நம்பரோட ஏறினா மேல போயி சேருவீங்க, மலைக்கு இல்ல. அழுவாதீங்க. நீங்க வேண்டுனது ரெண்டு உசுரு பொழைக்கணும்னு, பொழச்சிருச்சு. மூணாவது உசுர காவு குடுக்கவா முருகன் கேட்டாரு? அடுத்த வருசம் வாங்க. அந்த மூக்கு உங்களுக்கு முன்னாடி தத்தக்கா புத்தக்கான்னு நடந்து வரும். அதோ, மகளும் வந்துருச்சு. ஒண்ணும் இல்லம்மா, அப்பா நல்லா இருக்காரு, நீயும் கூடவே போ. கொழந்தைய ஸஹ்ரா தூக்கிட்டு வருவா.

என்னண்ணே? இவ்வளவு நம்பர வச்சிக்கிட்டு எப்படி வாய் ஓயாம ஜோக் அடிச்சேன்னு கேக்குறீங்களா?

அது ஒண்ணும் இல்ல. நீங்க சிரிக்கணும்னு தான். சிரிச்சா வாயி ரெண்டு பக்கமும் ஒண்ணா போகுதான்னு பாக்கணும். ஒரு பக்கம் மட்டும் போச்சுன்னா மூளையில ரத்தக் கொழாயி அடச்சிருச்சு, இல்ல ஒடஞ்சிருச்சுன்னு அர்த்தம். கைய தூக்கச் சொன்னதும், ஊரு பேர ரெண்டு தடவ கேட்டதும் அதுக்குத்தான். எங்க அண்ணன் திருநாவுக்கரசு அப்படித்தான் சிரிச்சாரு. என் மக பொறந்தநாளு, கேக் வெட்டுறோம். அவரு எப்பவுமே யாரையாவது மாதிரி நடிச்சுக் காட்டுற ஆளு. ஒரு பக்க வாயால சிரிக்கிறாரு, பேச்சு கொழறுது, நாங்க எல்லாம் அவரு யாரையோ நடிக்கிறாருன்னு கைதட்டுறோம். வீடியோகூட இருக்கு. அதுல பூரா எங்க சிரிப்புச் சத்தம் தான். ஆஸ்பத்திரிக்குப் போயி சேரல அவரு.

சரி சரி, ஏறுங்கண்ணே. மெதுவா. கால அந்தப் பலகையில வைங்க. நானும் ஆம்புலன்ஸு வரைக்கும் வரேன், எனக்கு இன்னும் ரெண்டு ஜோக் இருக்கு.