நாலாவதையே போட்டுக் குடும்மா

இல்லம்மா, டிஸ்க்ல ஒரு கீறல்கூட இல்ல. நல்லாத்தான் ஓடுது. நான்தான் சொல்றேன்ல, ரிப்பேருக்குக் கொண்டு வரலன்னு. இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துல அஞ்சாவதை எடுத்துட்டு பழைய நாலாவதையே போட்டுக் குடு. அவ்வளவுதான் வேலை.

சிரிக்காத வைஜெயந்தி. அபர்டீன் பஜார்ல இருக்கிற பயலுக பூரா அஞ்சாவது வேணும்னு உன் கடை வாசல்ல நிக்கிறானுக, இந்த டெலானிபூர் ராஜமாணிக்கம் மட்டும் சிபியூவைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு வந்து பழசைக் கேக்குறான். எனக்கே தெரியுது. உன் வீட்டுக்காரர் எங்க? வண்டூருக்கா? நல்லதாப் போச்சு. பிரவீன்குமார் இருந்தா என்னை விடவே மாட்டான். சார், அஞ்சாவது மாதிரி வருமா, அதுல கடல் தண்ணி அசையறதப் பாருங்க, ராஜாக்கள்லாம் வாயைத் தொறந்து பேசறாங்க பாருங்கன்னு உக்கார வச்சுருவான். தண்ணி அசையறதப் பாக்க எனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு? ஜன்னலத் தொறந்தா தெரியுது.

போட்டோ காப்பியா? அவங்களைப் பாரு மொதல்ல. நான் உக்காந்திருக்கேன். கப்பல் டிக்கெட்டுக்குன்னா அவசரமாத்தான் இருக்கும்.

ஆச்சா? சரி. உனக்கு அந்த ஆட்டம் தெரியாதுல்ல. ஹார்பர் கிங்ஸ்னு பேரு. தீவு தீவா இருக்கும். ஊர் கட்டணும், கப்பல் விடணும், பட்டாளம் சேக்கணும், மத்தவன் ஊரைப் பிடிக்கணும். ஆனா தடதடன்னு சுடுற ஆட்டம் இல்ல. ஒருத்தன் தன் வேலைய முடிச்சாத்தான் அடுத்தவன் தொட முடியும். அவன் முடிக்கிற வரைக்கும் நீ கையக் கட்டிக்கிட்டு இருக்கணும். எங்களுக்கு அது முறை இல்ல, பாரி. மேரி பாரி, தேரி பாரி. பக்தா அப்பிடித்தான் சொல்லுவான்.

பக்தவத்சலம். கேம்ப்பெல் பேல இருக்கான், தெக்கால கடைசித் தீவுல. நானும் அவனும் கார் நிக்கோபார்ல ஒண்ணா வேலை பாத்தோம், கரண்ட் ஆபீஸ்ல. சுனாமிக்கப்புறம் என்னை இங்க போட்டாங்க, அவனை அங்க தள்ளிட்டாங்க. அப்ப அவன்தான் இந்த நாலாவதைக் கொண்டாந்து என் கையில திணிச்சான். ராஜூ, நீ உன் பாரிய ஆடி அனுப்பு, நான் என் பாரிய ஆடி அனுப்பறேன்னான். எப்பிடிடா அனுப்பறதுன்னேன். நம்மூர் நெட்டு லட்சணம் உனக்குத் தெரியும். ஜஹாஜ் இருக்குல்லன்னான்.

அட, ஆமாம்மா, கப்பல்லதான்! கப்பல் கேன்டீன்ல தம்பையான்னு ஒருத்தர் இருக்காரு, அவரு கையில. ஹார்லிக்ஸ் பாட்டில்ல அரிசியப் போட்டு, அந்த அரிசிக்குள்ள பென்டிரைவைப் பொதைச்சு வச்சு அனுப்புவோம். ஈரம் ஏறக் கூடாதுல்ல. தம்பையா மொதல்ல என்னமோ மருந்துன்னு நெனச்சிருக்காரு. ஒரு தடவ கடல் மோசமாகி ஜஹாஜ் வரவே இல்ல. நான் தெனம் ஜெட்டிக்குப் போயி நின்னேன். என்ன சார் சம்சாரம் வருதான்னு கேட்டான் ஒரு போலீஸ்காரன். இல்லப்பா, எதிரி வர்றான்னேன். அவன் ஒரு மாதிரியாப் பாத்தான்.

இப்பிடியே வருஷக்கணக்கா ஒரே ஆட்டம்மா. முடியவே இல்ல. முடிக்கவும் நாங்க அவசரப்படல.

உன் வீட்டுக்காரன் என்ன சொல்றான்? நாலாவதுல ஒரே கட்டத்துல நூறு பட்டாளத்தை அடுக்கி வைக்கலாம், அது சண்டையா, மூட்டை அடுக்குறதான்னு கேக்கறான். அஞ்சாவதுல ஒரு கட்டத்துக்கு ஒண்ணுதான். கட்டமும் சதுரம் இல்ல, தேன்கூடு மாதிரி ஆறு மூலை. அதனால யோசிச்சு ஆடணுமாம். ட்ரெஷரில சுரேந்திரன் இருக்கான்ல, அவன் நேர் எதிர். அஞ்சாவது பச்சப் புள்ளைங்க ஆட்டம், படத்தைக் காட்டி ஏமாத்தறான் கம்பெனிக்காரன், நாலாவதோட செத்துப் போச்சுங்கறான். போன வாரம் ரெண்டு பேரும் டீக்கடையில குரலை ஒசத்தி, கடைக்கார பெங்காலி, பாய் லோக், வெளிய போயி அடிச்சுக்கோங்கன்னுட்டாரு. ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்தாங்க, தீர்ப்பு சொல்லுங்க சார்னு. நான் டீக்குக் காசைக் குடுத்துட்டு எந்திரிச்சுட்டேன்.

உண்மையச் சொன்னா ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. எனக்குத் தேன்கூடுகூட பழகிப் போச்சு. எனக்கும் அஞ்சாவதுக்கும் சண்டை வேற.

எனக்கு மாறணும்னு எண்ணமே இல்ல. பக்தாதான் போன்ல. ராஜூ, இங்க எல்லாரும் அஞ்சாவதுக்கு மாறியாச்சு, நீயும் வாடா, பழைய ஆட்டத்தையே அதுல திறந்து தொடரலாம், டிஸ்க் அட்டையிலயே போட்டிருக்கான் பாருன்னான். சரி, கூப்பிடறான், போவோம்னு உன் வீட்டுக்காரனை வச்சுப் போட்டுக்கிட்டேன். என் பாரிய ஆடி அனுப்பினேன். முந்தாநாள் பாட்டில் திரும்பி வந்தது. அரிசியைக் கொட்டி, எடுத்து, சொருகிப் பாத்தா வசந்தா போச்சு.

வசந்தா என் ஊரும்மா. ஆட்டத்துல. தனியா ஒரு சின்னத் தீவு, அதுல கரையை ஒட்டி ஒரே ஒரு ஊரு. மொத வருஷமே கட்டினது. நெல்லு வெளையாது, பொன்னு இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அங்க ஒரு சிப்பாயக்கூட வைக்கல. மதில் கட்டல. எதுக்குன்னு கேக்காத, அங்க பட்டாளம் வைக்க மனசு வரல. பக்தாவோட கப்பலுங்க பக்கத்துலயே போகும், வரும். ஒரு தடவ என் ராஜதானியையே சுத்தி வளைச்சுட்டான். அப்பவும் வசந்தாவைத் தொடல. ஒரே ஒரு கப்பல் திரும்பினாப் போதும், ஊரு அவனுது. திருப்பல.

நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்னா... அவனுக்குத் தெரியும், அதான் தொட மாட்டேங்கறான்னு. ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதில்ல. ஆம்பளைங்க எங்க பேசிக்கறோம்? ஆனா ஒவ்வொரு தடவ பாட்டிலைத் தொறக்கும்போதும் மொதல்ல அந்த மூலையத்தான் பாப்பேன். வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். சரி, பக்தா நம்மள நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கான்னு தோணும். அதுக்கப்புறம்தான் டீ போடுவேன்.

முந்தாநாள் பாத்தா அங்க அவன் கொடி.

போன் போட்டேன். கேம்ப்பெல் பே லைன் எப்பிடி இருக்கும், கொரகொரன்னு. எப்பிடிடா இருக்கு அஞ்சாவது, பாத்தியா உன்னை எப்பிடி வளைச்சேன்னான். குஷியா இருந்தான். வளைச்சே, சரி. ஏன்டா பக்தா அந்த ஊரை எடுத்தேன்னு கேட்டேன்.

எந்த ஊருன்னான்.

எந்த ஊருன்னு கேட்டாம்மா. அப்புறம், சண்டைன்னா நாலு ஊரு போகும், நாலு வரும், விடுடான்னு சிரிச்சான். நான் லைன் கட்டாயிருச்சுங்கற மாதிரி வச்சுட்டேன்.

அதுக்கப்புறம்தான் அந்தப் படம் பாத்தேன். அஞ்சாவதுல புதுசா வச்சிருக்கான்ல, பிரவீன்குமார் பெருமையாக் காட்டினானே, மொத பாரில இருந்து ஆட்டம் பூரா சினிமா மாதிரி ஓட்டிப் பாக்கலாம்னு. எந்தப் பக்கத்துல இருந்து வந்து எடுத்தான்னு பாப்போம்னு ஓட்டினேன். ஒவ்வொரு பாரிக்கும் ஓரத்துல ஒரு சின்னப் படம் வருது. மனுஷன் ஆடியிருந்தா மனுஷத் தலை. மெஷின் ஆடியிருந்தா ஒரு பொட்டி.

என் பக்கம் பூரா தலைதான். தலை, தலை, தலை. அவன் பக்கம் ஆரம்பத்துல தலை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு பொட்டி. சரி, அன்னைக்கு ஜொரமா இருந்திருக்கும். மறுபடி தலை. அப்புறம் பொட்டி. அப்புறம் பொட்டியேதான், கடைசி வரைக்கும்.

ஆமா, நாலாவதுலயும் அந்த வசதி உண்டு. ஒரு பட்டனைத் தட்டினா மெஷினே உன் பாரிய ஆடிரும். ஆனா நாலாவது அத வெளிய காட்டாது. பேரு பக்தவத்சலம்னுதான் வரும்.

என் ராஜதானிய வளைச்சது பொட்டி. அதுக்காக அவன் போன்ல அவ்வளவு அளந்தான், மூணு நாள் தூங்காம யோசிச்சேன்டான்னு. நான் வேற, அவன் சம்சாரம் ஜெயமணிக்கு ஒடம்பு முடியலன்னு கேள்விப்பட்டு, பாவம், இப்பப் போயி அவனை அடிக்கக் கூடாதுன்னு அவன் ஊர் வாசல் வரைக்கும் போன என் கப்பலைத் திருப்பிட்டேன். யாருக்காகத் திருப்பினேன்? பொட்டிக்கு. அவன் அதப் பாத்தே இருக்க மாட்டான்.

கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, பொட்டி ஆரம்பிக்கிற எடம் எதுன்னு எனக்குத் தெரியுது. ஜெயமணியும் பொண்ணும் மெயின்லேண்ட்ல இருந்து அவன்கூட வந்து சேந்த சமயம். வீடுன்னு ஒண்ணு ஆயிருச்சு, அவன் எங்க உக்காந்து ஆடுவான்? வேணாம்டா ராஜூ, போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா நான் என்னாவேன்னு பயந்திருப்பான். பயந்து பயந்து, ஜஹாஜ் தவறாம ஜெட்டிக்கு வந்து தம்பையா கையில பாட்டிலைக் குடுத்திருக்கான். அரிசியக்கூட மாத்தியிருக்கான். அதை நட்புன்னு சொல்றதா, ஏமாத்துன்னு சொல்றதா? நீயே சொல்லு.

சொல்லாத, விடு. எனக்கே ஒரு நேரம் இப்பிடித் தோணுது, ஒரு நேரம் அப்பிடித் தோணுது.

உன் வீட்டுக்காரன்கிட்ட நேத்து சும்மா கேக்கற மாதிரிக் கேட்டேன். ஏம்ப்பா, நாலாவதுல மெஷின் ஏன் சில ஊரைத் தொடறதே இல்லன்னு. சார், அதுக்கு மூளை கம்மி, நெல்லும் பொன்னும் இல்லாத ஊரு அது கண்ணுலயே படாது, அஞ்சாவதுல அப்பிடி இல்ல, காவல் இல்லாம எது கெடந்தாலும் லபக்குன்னு எடுத்துக்கும், அதான் சார் முன்னேற்றம்னான். பாவம், அவன் எனக்குச் சந்தோஷமா வெளக்கிச் சொன்னான்.

அதனாலதாம்மா. நாலாவதையே போட்டுடு. அஞ்சாவதுல திறக்கறதுக்கு முன்னாடி இருந்த பழைய ஆட்டம் இந்த பென்டிரைவ்ல இருக்கு, அதையும் ஏத்திடு. நாலாவதோட டிஸ்க்கை ரெண்டு காப்பி போடு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு பக்தாவுக்கு. நாளைக்கு ஜஹாஜ் இருக்கு. டேய், என் பழைய கம்ப்யூட்டரு அஞ்சாவதைத் தாங்கல, கரகரன்னு நின்னுருது, நீயும் நாலாவதுக்கே வந்துடுன்னு சொல்லிடப் போறேன். நம்பிருவான்.

பொட்டியப் பத்தியா? கேக்க மாட்டேன். கேட்டா பாட்டில் அனுப்பறதையே நிறுத்திருவான்.

பட்டனைத் தட்டட்டும்மா. தட்டினாத் தட்டிட்டுப் போறான். நாலாவது மெஷினுக்கு அந்த ஊரு கண்ணுல படாதுன்னு உன் வீட்டுக்காரனே சொல்லிட்டான்ல. அது போதும்.

ம்? மதில் கட்டிடலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. அவளுக்குக் கடல் தெரியணும்மா. கார் நிக்கோபார் குவார்ட்டர்ஸ்ல சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா நேரா கடல்தான், அதைப் பாத்துக்கிட்டேதான் காய் நறுக்குவா. வசந்தகுமாரி. என் வீட்டுக்காரி. ஆபீஸ் வேலையா நான் இங்க வந்திருந்தேன், தண்ணி ஊருக்குள்ள ஏறின அன்னைக்கு. பக்தாவும் நானும் ரொம்ப நாள் தேடினோம். கெடைக்கல.

அந்தப் பக்கம் போட்டோ காப்பிக்கு ஆள் நிக்கிறாரு பாரு. அவரை அனுப்பு மொதல்ல. நான் இருக்கேன்.