கையுரை

ஒருவர் போட்ட துளையைப் பார்த்தால் போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். அவசரக்காரர் போட்டது கோணலாக இருக்கும். அரைகுறை ஆள் போட்டதில் விளிம்பெல்லாம் பிசிறு நிற்கும். நீங்கள் இன்று என் பட்டறைக்குள் வந்ததும் இயந்திரங்களை விட்டுவிட்டுச் சுவரிலிருந்த நான்கு துளைகளைப் பார்த்தீர்களே, அப்போதே உங்கள் மேல் மரியாதை வந்துவிட்டது ஐயா. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மெதுவாகவே பேசுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தெருவைப் பார்த்த முன்னறைதான் பட்டறை. அங்கே மூன்று பேர் குடியிருக்கிறார்கள். மூவருமே துளை போடும் இயந்திரங்கள். கையால் சுற்றுகிற சின்னது கிளி, சுற்றினால் கீச்சிடும். மேசை மேல் இருப்பவன் ஊமையன், ஓடுவதே தெரியாது. மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்பவர் பெரியவர். வார்ப்பிரும்பு உடம்பு, தோல் பெல்ட், வயது நூறைத் தாண்டிவிட்டது. மூடிக் கிடந்த ஓர் ஆலையில் மழையில் நனைந்துகொண்டிருந்தவரைக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, மறுபடி ஓட வைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. இந்தக் காலத்து இயந்திரங்கள் பொத்தானைத் தட்டினால் நின்றுவிடும். பெரியவரை அப்படி அதட்ட முடியாது. பக்கத்திலிருக்கும் நெம்புகோலை இழுத்து, பெல்ட்டைச் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தள்ள வேண்டும். பிறகு அவராக மனம் வைத்து நிற்பார்.

என் மாப்பிள்ளை பல் டாக்டர். அவரும் துளை போடுகிறவர்தான். எதிராளி வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம், அது வேறு விஷயம். என் மனைவி போன பிறகு எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகளும் அவரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். துணை என்றால் என்ன என்று நாலே மாதத்தில் புரிந்தது. ஒரு நாள் பட்டறையில் அளவு நாடாவோடு நின்றிருந்தார்.

"க்ளினிக்குக்குன்னே கட்டின மாதிரி இருக்கு மாமா இந்த ரூம்."

"இவங்களை எங்க வைக்கிறது மாப்பிள்ளை?"

"பழைய இரும்புக்காரர் திங்கட்கிழமை வர்றார். நீங்க ஒண்ணையும் தூக்க வேண்டாம், அவங்களே தூக்கிடுவாங்க."

என் இடுப்பு மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. மகள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை அவர் க்ளினிக்குக்குப் பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை செய்துகொண்டு வந்தார். நான்கு மூலையிலும் துளை போட வேண்டுமாம். "சனிக்கிழமை லீவு மாமா. பெரியவர்கிட்ட நானே போட்டுப் பாக்கறேனே, ஆசையா இருக்கு" என்றார். தூக்கில் போடுவதற்கு முன்னால் ஒரு கை குலுக்குவது போல. நான் தாராளமாகப் போடுங்கள் என்றேன்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுகிற இயந்திரத்தின் பக்கத்தில் கையுறை போடவே கூடாது. வெறும் கை உரசினால் தோல் கிழியும், வெடுக்கென்று இழுத்துக்கொள்ளலாம். கையுறையின் நூல் ஒன்று மாட்டினால் போதும், கையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். வெளியாட்களுக்கு இது தெரியாது. கையுறை என்றால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். காலையிலிருந்து மாலை வரை கையுறையோடே வாழும் ஒரு பல் டாக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதற்காகத்தான் சுவரில் ஒரு பலகை இருந்தது. என் மகள் ஏழு வயதில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதித் தந்தது. "கையுரை போடாதே." பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர. அந்த எழுத்துப்படி பார்த்தால் கை பேசுகிறது என்று ஆகிவிடும். அவளுடைய நோட்டில் ஒரு பிழையை விட்டுவைக்காத நான் இதை மட்டும் திருத்தவில்லை. இருபத்து மூன்று வருடம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான்கு திருகாணிகளையும் கழற்றி, பலகையைத் துடைத்து, துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் கடைக்குப் போய் நல்ல தடித்த நூல் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் அளவு கேட்டார். ஒரு சுற்றுப் பெரிதாகவே கேட்டேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை தன்னுடைய ரப்பர் கையுறையோடு வந்தார்.

"அது மெல்லிசு மாப்பிள்ளை, டக்குனு கிழிஞ்சிடும். இதைப் போட்டுக்குங்க."

"எனக்காகவா வாங்கினீங்க? தேங்க்ஸ் மாமா."

கல்யாணமானதிலிருந்து அவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன்.

பெயர்ப்பலகையை இறுக்கிப் பிடிக்கவும், கைப்பிடியை நிதானமாக இறக்கவும் சொல்லிக் கொடுத்தேன். துளையிலிருந்து வரும் பித்தளைச் சுருள் சேர்ந்தால் விரலால் தள்ளிவிடுங்கள், கையுறைதான் இருக்கிறதே என்றும் சொன்னேன். மூன்று துளைகள் அருமையாக வந்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவருக்கு நல்ல கை இருந்தது. நான்காவது துளையில் சுருளைத் தள்ள விரலை நீட்டினார்.

"மாமா, நிறுத்துங்க" என்றார். பிறகு சொல்லாக எதுவும் வரவில்லை.

நெம்புகோல் எட்டவில்லை என்று ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுத்தபோது உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முதலில் கைப்பிடியை மேலே தூக்கினேன். பித்தளையில் சிக்கித் துளைக்கம்பி முறிந்தால் அந்த அளவில் இன்னொன்று இப்போது கிடைப்பதில்லை. அதன் பிறகு நெம்புகோலை இழுத்தேன்.

வலது கையில் கட்டைவிரல் மிஞ்சியது. திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, வாசலோடு திரும்பிவிட்டார். க்ளினிக் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்த நான்காவது துளையை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நானே போட்டு முடித்தேன். வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க பக்கத்துல இருந்ததால உயிராவது தப்பிச்சுதுப்பா" என்றாள். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். நேற்றுத்தான் அவள் வாளியும் துணியுமாகப் பட்டறையைக் கழுவ வந்தாள். பாதியில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"என் பலகை எங்கப்பா?"

"பழசாயிடுச்சும்மா. கழட்டிட்டேன்."

அவள் கிளியைப் பார்த்தாள், ஊமையனைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். "பழசாயிடுச்சுன்னு இதுவரைக்கும் நீங்க எதைப்பா கழட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். இன்று காலையில் நீங்கள் வந்து நேராகச் சுவரைப் பார்த்தீர்கள். ஆகவே நான் முதலில் சொன்ன மரியாதையில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் செய்தேன். திட்டம் போட்டு, அளவு பார்த்துச் செய்தேன். துளைகளை ஏன் அடைக்காமல் விட்டீர்கள் என்று கேட்கிறீர்கள். ஐந்து நிமிட வேலைதான், மறதியும் இல்லை. எல்லாம் முடிந்ததும் பலகையைத் திரும்ப மாட்டத்தானே போகிறேன் என்று விட்டேன். மகள் வெளியே உட்கார்ந்திருந்தால் அவளிடம் சொல்லுங்கள். பலகை பத்திரமாக இருக்கிறது, அந்தச் சின்ன ர கூட அழியவில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் அதே துளைகளில் மாட்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.