பக்கத்து இருக்கை

அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆணாய்ப் பிறந்து சேலை கட்டிக்கொண்ட ஒருத்தியின் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

"பொறப்புல அது ஆம்பள. நான் குந்த மாட்டேன்," என்றாள் நின்றிருந்த ஓர் அம்மாள்.

"பொடவ கட்டினவங்க பக்கத்துல ஆம்பள எப்படிம்மா குந்தறது?" என்றார் பலாப்பழத்தோடு நின்றிருந்த ஒரு காடாம்புலியூர்க்காரர்.

"அப்ப அந்த எடத்துல யாருதான்யா குந்தறது?" என்றார் கண்டக்டர்.

"நான் பொம்பளதாங்க. ஒதுங்கிக்கறேன், குந்துங்க," என்றாள் அவள்.

காடாம்புலியூர்க்காரர் தன் பலாப்பழத்தை அங்கே வைத்தார். பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் இறங்கும்போது பழத்தைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். "அடிபடாம கொண்டாந்துட்டேண்ணே."

அவர் கண்டக்டரைப் பார்த்து, "நீ வாங்கிக் குடுப்பா," என்றார்.