வலது பக்கக் காலடிகள்

ஹெட்போன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதை இடவலம் மாற்றித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டுக் கேட்பவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆன்லைனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எதிரி வலது பக்கம் படியேறி வருவான், இவன் இடது பக்கம் திரும்பிச் சுடுவான். என் தம்பிக்கு அந்தத் தவறு நேர்ந்ததே இல்லை. கூட ஆடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயரே பாம்புச்செவி.

நான் காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதற்குப் பிறகு மாடியில் இரண்டு அறை, நான், அவன். வந்த வரன்களை நானாகத்தான் தட்டிக் கழித்தேன். அவன் கேட்கவில்லை. நான் எதையும் அவன் தலையில் போடுகிறவள் இல்லை, சார்.

முதல் தடவை கோளாறு நிஜமாகவே வந்தது. விளையாட்டில் ஏதோ மாற்றம் செய்திருந்தார்கள். “அக்கா, வலது பக்கம் காலடிச் சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு” என்றான். பார்த்தேன். சத்தத்தைத் திசை பிரிக்கும் வேலையை விளையாட்டும் செய்தது, ஹெட்போனோடு வந்த மென்பொருளும் செய்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார். ஒன்றை அணைத்தேன், சரியாகிவிட்டது.

“நீ இல்லாட்டி நான் செத்தேன்க்கா” என்றான்.

அன்று சாப்பிடும்போதுதான் சொன்னான். ஒரு பெரிய அணியில் அவனை எடுத்துவிட்டார்களாம். வேறு ஊர். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும்.

“இனிமேலாவது நீ உனக்குன்னு வாழுக்கா.”

அன்பாகத்தான் சொன்னான். கூண்டைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டான். பறந்து போய் நான் எங்கே உட்காருவது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் கை கழுவப் போனான். கம்ப்யூட்டரின் ஒலி அமைப்பில் சத்தத்தை ஏற்றி இறக்க இடது, வலது என்று இரண்டு கோடுகள் தனித்தனியாக இருக்கும். வலதைக் கொஞ்சம் இறக்கினேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆட்டத்தில் அவன் வலது பக்கமிருந்து சுடப்பட்டுச் செத்துக்கொண்டே இருந்தான். விளையாட்டை நீக்கி மறுபடி ஏற்றினான். புது ஹெட்போன் வாங்கினான். அதையும் நான்தான் இணைத்துக் கொடுத்தேன், அதிலும் வலதை இறக்கினேன். கெட்டிக்காரன், ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம் என்றான். குறைச்சல் இடது காதுக்குப் போனால் பழுது கருவியில். வலது காதிலேயே நின்றால் பழுது காதில். சரியான யோசனை. “கண்ணை மூடிக்கிட்டு சத்தத்த மட்டும் கவனி” என்று நானே மாட்டிவிட்டேன். அவன் கண் மூடியிருந்தபோது கோடுகளையும் மாற்றினேன், வலதை ஏற்றி இடதை இறக்கினேன்.

“அதே காதுதான்க்கா” என்றான். கண்ணைத் திறக்கவில்லை.

மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சத்தம் புகாத சின்ன அறை, கனத்த கதவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு நான் எதையும் அனுப்பவில்லை. பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, வராத சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

“நரம்பு தளர்ந்திருக்குடா.”

“பெரிய டாக்டர்கிட்ட காட்டலாமா?”

“அவரு கத்தி வைக்கணும்பாரு. நான் இருக்கேன்ல.”

அவன் இடத்தை அணியில் வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். தம்பி அதன் பிறகு கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. தெருவில் வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்று தன் காதை நம்பாமல், கடைக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். மற்ற நேரமெல்லாம் அறையில் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

பொய்க்கு ஆயுசு குறைவு. என்றைக்காவது வேறு யாராவது சோதிப்பார்கள். எனவே அதை உண்மையாக்க வேண்டியிருந்தது. நரம்பை எழுப்பும் பயிற்சி என்று சொல்லி, தினமும் வலது காதில் மட்டும் பெரிய சத்தம் வைத்தேன். எவ்வளவு சத்தம் காதை என்ன செய்யும் என்பது என் தொழில்.

“வலிக்குதுக்கா.”

“வலிச்சாத்தான் உயிர் இருக்குன்னு அர்த்தம். பொறுத்துக்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். கொஞ்ச காலத்தில் வலிக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டான்.

அவனோடு ஆடிய பழைய கூட்டாளி ஒருவன் பார்க்க வந்தான். சும்மா கம்ப்யூட்டரைத் திறந்தவன், “யாருடா இந்தப் பக்கத்த மட்டும் இவ்ளோ கொறைச்சு வெச்சது?” என்று கேட்டான். இறக்கிய கோட்டை மறுபடி ஏற்றி வைக்க நான் மறந்திருந்தேன். தம்பி திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். செருப்பைக்கூடப் போடாமல் கூட்டாளியோடு இறங்கிப் போனான். வேறு டாக்டர் சோதித்து, வலது காது முழுக்கப் போய்விட்டது, இனித் திரும்பாது என்று சொன்னாராம்.

அவன் உங்களிடம் புகாரில் சொன்னதெல்லாம் உண்மை, சார். அந்தக் காதை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன். ஆனால் கெடுதல் நினைக்கிறவள் இரண்டு காதையும் அல்லவா எடுத்திருப்பாள்? இடது காதை நான் பத்திரமாக விட்டுவைத்தேன். நான் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்க வேண்டுமே.