புள்ளி அரை நூல் தள்ளி

அந்தச் சேர் வேணாம் சார், அது கால் ஆடும். இப்பிடி பெஞ்சில உக்காருங்க. எங்க வூட்டுக்காரரு தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் இங்க் வாங்கப் போயிருக்காரு, வர்ற நேரந்தான். என்னாண்டயே கேளுங்க. பிரிண்ட் அடிக்கிறது அவருன்னாலும் பாதி வேலை என்னுது. குடுங்க அந்த ஸ்டிக்கர, வாசப் பக்கம் வெளிச்சத்துல பாக்குறேன்.

ம்... இல்ல சார். இது நீங்க குடுத்த லோகோ பிலிம்ல எறக்கின ஸ்கிரீன்ல அடிச்சதில்ல. சத்தியமா இல்ல.

எப்பிடின்னா? இதோ பாருங்க. நீல அரைவட்டம் சரி. கீழ மூணு கோடும் சரி. மேல இந்தச் செவப்புப் புள்ளி இருக்குதே, அது அரை நூல் வலப்பக்கம் தள்ளிக்கினு இருக்குது. ஸ்கேல் வெச்சுப் பாத்துதான் கண்டுபிடிச்சீங்களா? எனக்கு ஸ்கேலே வேணாம் சார். மூணு வருஷமா காலையில எழுந்தா இந்த மூஞ்சிதான். பெத்த புள்ள மூஞ்சிய விட உங்க கம்பெனி மூஞ்சிய ஜாஸ்தி பாத்திருக்கேன்.

சிரிக்கிறீங்க. மொதமொதல்ல இந்த லோகோவப் பாத்ததும் இது எந்தக் கட்சிதுன்னு கேட்டுட்டேன் சார். அவரு தலையில அடிச்சுக்கினாரு. கம்ப்யூட்டர் கம்பெனிடி, இரும்புலியூர்லயே நமக்குத்தான் குடுத்திருக்காங்க, வாய மூடுன்னாரு. நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒம்போதாவது வரைக்கும் படிச்சவ. கம்ப்யூட்டர்னா டிவிதான்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

அப்புறம் உங்க ஆபீஸ்லேந்து வழவழன்னு ஒரு புஸ்தகம் வந்துச்சு. லோகோவ எப்பிடி போடணும், எப்பிடி போடக் கூடாது, அவ்ளோதான், புஸ்தகம் பூரா அதேதான். அடுத்த தெரு ஹில்டா டீச்சர் ஒவ்வொரு பக்கமா படிச்சுத் தமிழ்ல சொன்னாங்க. சாய்க்கக் கூடாது. இழுக்கக் கூடாது. வேற நீலம் போடக் கூடாது. சுத்தி ஒரு புள்ளி அகலத்துக்கு எடம் சும்மா கெடக்கணும், கிட்ட எதுவும் வரக் கூடாது. அதக் கேட்டு நான் சொன்னேன், இந்த வூட்ல எனக்கே அவ்ளோ எடம் கெடையாது டீச்சர்னு.

எல்லாத்தையும் தலைகீழா ஒப்பிப்பேன் சார். ஆனா மொத ஆர்டர்லயே தப்புப் பண்ணேன், அதயும் சொல்லிடுறேன். மொத ஷீட்டு. புது வேலை, நல்லா வரணும்னு ஓரத்துல ஒரு மஞ்சப் பொட்டு வெச்சேன். வாங்கின புது டிரெஸ்ஸுக்கு வெக்க மாட்டமா, அந்த மாதிரி. உங்காளுங்க பொட்டச் சுத்தி செவப்புப் பேனாவுல ரவுண்டு போட்டு ஷீட்டத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. அன்னைக்கு வூட்ல ஒரே பேஜாரு. அதுலேந்து பொட்டு வெக்கிறதெல்லாம் ஸ்கிரீன் கட்டைக்குத்தான். மூணு வருஷத்துல வேற எதுனா திரும்பி வந்திருக்குதா, சொல்லுங்க? வந்திருக்காது. அவரு அவ்ளோ சுத்தம் சார். ஒரு ஸ்டிக்கர் லேசா கோணினா முழு ஷீட்டையும் கிழிச்சுப் போடுவாரு. பொய் பேசத் தெரியாது. பொய் சொன்னா காது செவந்துடும், பாக்கவே பாவமா இருக்கும்.

காப்பி வேணாமா? தண்ணி? சரி.

இது எங்க கெடச்சுது சார்? அஸ்தினாபுரமா. கம்ப்யூட்டர் கிளாஸ்ல. மாடி மேல, கீழ ஜெராக்ஸ் கடை, அதுதானே? தெரியும். என் தங்கச்சி கிளியம்மாள் அங்கதான் படிச்சா. எங்கம்மா கம்மலக் கழட்டிக் குடுத்து சேத்துவுட்டுச்சு. ரெண்டு மாசம் போனா. அப்புறம் கம்ப்யூட்டர் பொட்டியெல்லாம் ஒண்ணொண்ணா உசுர வுட்ருச்சாம். வாத்தியார் போர்டுல கம்ப்யூட்டர் படம் வரைஞ்சு, இது எழுத்து அமுக்குற பலகை, இது டிவி மாதிரின்னு நடத்தினாராம். பொட்டி மேல பெரிய கம்பெனி பேரு இருக்குதுக்கா, அது எப்பிடி கெட்டுப் போவும்னு கேட்டுக்கினே இருந்தா.

ஆடி மாசம் அவளக் கூட்டிக்கினு வர நான் மேல ஏறினேன். அப்பதான் பாத்தேன். டிவி கீழ, மூலையில, உங்க லோகோ.

இல்ல சார், அது தள்ளி இல்ல, உங்க கையில இருக்கிறது அப்புறம் வந்த பொட்டியோடது. நேரா இருந்துச்சு. புள்ளி கரெக்டா இருந்துச்சு, நீலம் கரெக்டா இருந்துச்சு. உள்ள இருக்கிறது யாரோ பார்ட்ஸ் வாங்கி மாட்டின டப்பா. மேல இருக்கிற மூஞ்சி மட்டும் உங்களுது. இவ்ளோ சுத்தமா அடிக்கிற கை இந்தப் பக்கத்துல ஒண்ணுதான் சார் இருக்குது.

ஆமா. நீங்க அந்த நேரா இருந்ததக் கண்டுபிடிக்கவே இல்ல. தையிலேந்து ஓடிக்கினு இருந்துச்சு. ஒம்போது மாசம்.

இருங்க சார், எழுந்துக்காதீங்க. கதவச் சாத்திட்டு வர்றேன்.

என் நாத்தனார் வூட்டுக்காரரு, ஜெயவேலுன்னு பேரு. நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவருதான் பிலிம் கொண்டாந்தாரு. உங்க பிலிம ஆர்டர் முடிஞ்சதும் நீங்க வாங்கிக்கினு போயிருவீங்கல்ல, இது அதுக்கு நகல். கம்பெனிலயே அவசரமா கேட்டிருக்காங்க, பில்லு அப்புறமா வரும் மச்சான்னாரு. எங்க வூட்டுக்காரரு நம்பினாரா, நம்புற மாதிரி இருந்தாரா, தெரியல. மூத்த அக்கா புருஷன் சார். எங்க கல்யாணத்துல முன்னால நின்னு எல்லாம் பண்ணது அவருதான். அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னா இவரால முடியாதுன்னு சொல்ல முடியாது.

அஸ்தினாபுரத்துலேந்து வந்து கேட்டேன். இன்னா யா இதுன்னு. அவருக்குக் காது மட்டும் செவந்துச்சு. ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் அண்ணன் வந்தாரு, இவரு மறுபடியும் கட்டையத் தூக்கிக்கினு உக்காந்துட்டாரு.

நான் யாராண்ட சார் போவேன்? போலீசுன்னு போனா அண்ணன் அன்னைக்கே பஸ் ஏறிப் பூடுவாரு. இவரு இந்த ரூம்லயே உக்காந்திருப்பாரு, கையில நீல இங்க்கோட. ஓடத் தெரியாத மனுஷன். உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் ஒரு நாள் வந்தேன், புள்ளையத் தூக்கிக்கினு. யாரப் பாக்கணும்னு வாட்ச்மேன் கேட்டான். யாரன்னு சொல்றது? திரும்பி வந்துட்டேன்.

பிலிம்ல இருக்கிற படத்த ஸ்கிரீன்ல, மாடியில வெயில்ல வெச்சு எறக்குறது என் வேலை சார். அத நான்தான் பண்ணணும், அவருக்கு அதுல பொறுமை கெடையாது. அதனால ஐப்பசியில புது ஸ்கிரீன் எறக்குறப்ப, அண்ணன் கொண்டாந்த பிலிம்ல அந்தப் புள்ளிய பிளேடால எடுத்து அரை நூல் தள்ளி ஒட்டினேன். ஆளு போயி சொன்னா நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோ. லோகோ கோணினா வந்துருவீங்கன்னு தெரியும்.

அவரு கண்டுபிடிக்கலியான்னா... அடிச்சு முடிச்சு ஷீட்டத் தூக்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. லேசா கோணினாலே கிழிக்கிற மனுஷன், அதக் கிழிக்கல. மத்த ஷீட்டோட அடுக்கி வெச்சாரு.

பத்து நாள்ல வருவீங்கன்னு நெனச்சேன் சார். அம்பது நாள் ஆயிருச்சு. தெனமும் வாசலப் பாத்துக்கினே இருந்தேன்.

தோ, சைக்கிள் சத்தம் கேக்குது. அவருதான். பிலிம் யாரு குடுத்ததுன்னு நீங்க கேளுங்க சார், போலீசு கேக்குறதுக்கு முன்னால நீங்களே கேளுங்க. அவரு இல்லன்னு சொல்ல மாட்டாரு.