பதினேழின் தொண்டை

வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காலையிலும் மாலையிலும் கொப்பளித்து வந்தால் தொண்டைக்கு ஒரு குறையும் வராது. எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. மைக் இல்லாமலே என் குரல் இந்த அறையின் கடைசி நாற்காலி வரை கேட்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வாக்குமூலம் தெளிவாக இருக்க வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், அதனால் சொல்கிறேன்.

விசாரணைக் குழுவில் இருக்கும் மூவரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். ஒரே சங்கத்தில் டப்பிங் பேசிப் பிழைத்தவர்கள் நாங்கள். தலைவர் முப்பது வருடமாக நீதிபதிகளுக்குக் குரல் கொடுப்பவர், அதனால்தானோ என்னவோ நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் இருக்கும் அம்மா அறுபது வயதிலும் கைக்குழந்தைக்கு அழுவார். இடப்பக்கம் இருப்பவர் வில்லன்களுக்குச் சிரிப்பவர், இன்று சிரிக்கவில்லை. மேசைமேல் கிடக்கும் நீல நோட்டு என்னுடையது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் என் மனைவி. நாற்பத்தைந்து வருடத்தில் அவள் தானாக என் எழுத்தை எடுத்துப் படித்தது இதுதான் முதல் தடவை.

நோட்டில் எழுதியிருக்கும் நாற்பத்து மூன்று ரசிகர்களும் நான்தானா என்று கேட்டீர்கள். ஆமாம். ஏன் என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் 'கடைசிக் கோள்' என்று ஒரு விண்வெளிப் படம் வந்தது. அதில் பதினேழு என்று ஓர் இயந்திர மனிதன். தகர உடம்பு, உணர்ச்சி கிடையாது, வாயும் கிடையாது. நம் மொழியில் அவனுக்கு நான்தான் வாய். கடைசிக் காட்சியில் கப்பலுக்குள் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். பதினேழு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் சிறுமியிடம் சொல்வான்: "கதவைச் சாத்து. க்கும். நான் வெளியே இருந்துகொள்கிறேன்."

அந்த 'க்கும்' எழுதிக் கொடுத்த வசனத்தில் கிடையாது. ஒலிப்பதிவின்போது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். ஒரு தோல் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. செருமினேன். ஒலிப்பதிவாளர் அசதியில் அப்படியே விட்டுவிட்டார். விஷயம் அவ்வளவுதான்.

ரசிகர்களுக்கு அது அவ்வளவு இல்லை. தொண்டையே இல்லாத இயந்திரம் ஏன் செருமியது என்று முப்பத்திரண்டு வருடமாக யோசித்தார்கள். கடமைக்கும் அன்புக்கும் நடுவே இரும்பு திகைத்து நின்ற கணம் என்று ஒருவர் நாற்பது பக்கம் எழுதினார். இன்னொருவர் தன் கல்யாணத்தில், சம்மதமா என்று கேட்டபோது, பக்தியோடு ஒரு தடவை செருமிவிட்டுத்தான் சம்மதம் என்றார். மாப்பிள்ளை யோசிக்கிறார் என்று பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை ரசிகர்கள் கூடி, என்னை மேடையேற்றி, "ஐயா, ஒரே ஒரு தடவை" என்பார்கள். செருமுவேன். இரண்டு நிமிடம் கைதட்டல் ஓயாது. கடலைத் தோலைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. முதல் குற்றம் அது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தக் கதையைத் தூசி தட்டி, பெயின்ட் அடித்து, புதிதாக எடுக்க ஆரம்பித்தார்கள். புதிய வரிசையின் முதல் படத்தில் பதினேழு தூரத்தில் மிதந்துகொண்டே இருந்தான், வசனம் இல்லை. இரண்டாம் பாகத்தில் பேச வேண்டும். குரல் பரிசோதனைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என் மகளும் வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள்.

அவளும் நம் தொழில்தான். பதினைந்து வருடமாக லிப்டுகளில் "கதவு மூடுகிறது" என்று சொல்வது அவள்தான். தொலைபேசியில் "காத்திருக்கவும்" என்று சொல்வதும் அவள்தான். இந்த ஊரில் அவள் குரலைக் கேட்காத ஆள் கிடையாது, அவள் பெயரைக் கேட்ட ஆளும் கிடையாது.

நான் பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டப்பிங் இயக்குநர், "பிரமாதம் ஐயா. ஆனா குரல்ல வயசு தெரியுது" என்றார்.

"இயந்திரத்துக்கு வயசாகாதா தம்பி?"

"துருப்பிடிக்கும் ஐயா. மூச்சு வாங்காது."

எதிர்வசனம் படிக்க ஆள் இல்லாமல், பிளாஸ்க்கும் கையுமாக நின்ற என் மகளைத்தான் படிக்கச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் தொலைபேசி வந்தது. எனக்கு இல்லை, அவளுக்கு. இந்த முறை பதினேழு பெண் குரலில் பேசட்டும் என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

அவள் என் நாற்காலி அருகே வந்து நின்றாள். "அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் முடியாதுன்னுடறேன். லிப்ட் எங்கயும் ஓடிப் போயிடாது."

"அட, போய்ப் பண்ணும்மா. அப்பா இருக்கேன்ல" என்றேன். சொன்னபடியே இருந்தேன்.

படம் வந்த முதல் நாள் மதியக் காட்சிக்கு, மனைவியையும் சேர்த்து மூன்று பேரும் போனோம். அந்தச் சிறுமி இப்போது நடுவயதுக்காரி. கதவுக்கு வெளியே முப்பத்திரண்டு வருடம் மிதந்துவிட்டுப் பதினேழு திரும்பி வருகிறான். திரையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் என் மகளின் குரல்: "கதவைத் திற. க்கும். நான் வந்துவிட்டேன்."

அரங்கமே எழுந்து நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் முன்பின் தெரியாத என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இருட்டில் மகள் என் கையைப் பிடித்தாள். "அது உங்களோடதுப்பா. வேண்டாம்னாங்க, சண்டை போட்டு வெச்சேன்" என்றாள்.

என் செருமலில் ஒரு கடலைத் தோல் இருந்தது. அவள் செருமலில் முப்பத்திரண்டு வருடம் இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளத் தேவையில்லை, தொழில்முறைக் கருத்து.

வீட்டுக்கு வந்து இணையத்தில் ரசிகர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தார்கள். கப்பலின் வால்பக்கத்தில் பழைய படத்தில் அறுபத்திரண்டு திருகாணி, இதில் அறுபதுதான் என்று இரண்டு பேர் வருத்தப்பட்டிருந்தார்கள், மற்றபடி எல்லாருக்கும் திருப்தி. ரசிகர்கள் குழந்தைகள் மாதிரி. தங்களுக்கு என்ன பறிபோயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றே 'பழைய தகடு' பிறந்தான். ஓய்வுபெற்ற ஆள், நாகரிகமாக எழுதுவான். "குறை சொல்ல மனமில்லை. ஆனால் அந்தச் செருமல் உள்ளேயிருந்து வரவில்லை" என்றான். ஒரு தனி ஆள் சொன்னால் யார் கேட்பார்கள்? மறுநாள் 'கடைசித் தொண்டன்' பிறந்து அவனை ஆமோதித்தான். அப்புறம் 'இரு பிள்ளைகளின் தாய்'. அவள் பாவம், அந்தச் செருமலைக் கேட்டுத் தன் சின்னவன் பயந்துவிட்டான் என்று எழுதினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லவே நூறு பேர் வந்தார்கள். நான் குரல் கலைஞன், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குரல் கொடுத்தேன். குழம்பிப் போகாமல் இருக்கத்தான் நோட்டு. யாருக்கு என்ன வயது, யார் எழுத்துப்பிழை விடுவார், யாருக்கு மாமியார் கொடுமை, எல்லாம் அதில் இருக்கிறது.

நியாயம் இல்லாமல் நடந்துகொள்ளவில்லை. 'நடுநிலையாளன்' என்று ஒருவனையும் வைத்திருந்தேன். "அந்தப் பெண்ணும் உழைத்திருக்கிறார் அல்லவா" என்று அவன் ஒருநாள் கேட்டான். மற்ற நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். எனக்கே அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. மூன்று நாள் அவனை எழுத விடவில்லை.

ஒரு மாதத்தில் நான் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கலாம் என்ற நிலை வந்தது. படம் பார்த்து ரசித்தவர்களே, ரசித்தது தப்பு என்று உணர்ந்தார்கள். படமே பார்க்காதவர்கள் இன்னும் உறுதியாக இருந்தார்கள். 'பதினேழின் தொண்டையை மீட்போம்' என்று கையெழுத்து இயக்கம் தொடங்கி அறுபதாயிரம் பேர் போட்டார்கள். ஸ்டூடியோ வாசலில் மருத்துவப் புத்தகத்திலிருந்து பெரிதாக்கிய தொண்டைப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும் இருநூறு பேர் ஒரே நேரத்தில் செருமி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதில் ஒருவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டதற்கும் என் மகளைத்தான் திட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது அவள் இதையெல்லாம் படித்துக் காட்டுவாள்.

"அப்பா, இதக் கேளுங்க. பழைய தகடுன்னு ஒருத்தர். 'முள் மாட்டின பூனை வாந்தி எடுக்கப் பாக்கற மாதிரி இருக்கு'ங்கறார்."

"உவமை நல்லாத்தான் இருக்கு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க யார் பக்கம்?"

"சும்மா சொன்னேன்டி. நீ இதெல்லாம் படிக்காதேம்மா. வேலை வெட்டி இல்லாதவன் எழுதறது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது வேலை இல்லை.

அவள் படிப்பதை நிறுத்தவில்லை. வசனம் ஆரம்பிக்கும் முன் தொண்டையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்தது. லிப்ட் கம்பெனியில் "கதவு மூடுகிறது" என்ற இரண்டே வார்த்தையை முப்பது தடவை சொல்லிப் பார்த்து, ஒன்றும் சரியில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். என் தோளில்தான் சாய்ந்தாள். "அவங்க சொல்றது நிஜம்தானோப்பா?" என்றாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்று பிற்பகல் பதினொரு பேர் எழுதினார்கள்.

நான் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தையால். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு நாலு வயது இருக்கும்போது ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். மைக்குக்குப் போட்டிருந்த பஞ்சு உறையைப் பார்த்து, ஏதோ ஒரு பிராணியின் குட்டி என்று நினைத்துவிட்டாள். 'மைக்குட்டி' என்று பெயர் வைத்தாள். "மைக்குட்டிக்குப் பசிக்குமாப்பா?" என்று கேட்டு, கையில் இருந்த கடலையை அதற்கு ஒன்று காட்டுவாள், எனக்கு ஒன்று ஊட்டுவாள். ஒலிப்பதிவு முடியும்வரை ஊட்டினாள். அது எந்தப் படத்தின் ஒலிப்பதிவு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இந்த உலகத்தில் மைக்குட்டி என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் படித்தாள். "கடைசித் தொண்டன் எழுதியிருக்கார்ப்பா. 'இந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக ஒரு மைக்குட்டி முன்னால் நிற்கக்கூட...'"

அங்கே நின்றாள். இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள். என்னைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

கோபத்தோடு எழுதியிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. அன்றைக்குக் கொஞ்சம் பாசமாக எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து நாலு மாதமாக அவள் பேசவில்லை. என்னிடம் மட்டும் இல்லை, யாரிடமும். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். வெந்நீரும் உப்பும் நான் சின்ன வயதிலேயே பழக்கியது.

இதற்கிடையில் மூன்றாம் பாகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ரசிகர்கள் கேட்கிறார்களாம். அவர்கள் பேச்சைத் தட்ட முடியவில்லை. ஒரு பையில் கடலை எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தேன். முந்தைய பாகத்தோடு ஒட்ட வேண்டும் என்று, ஹெட்போனில் என் மகள் பேசிய பதிவை ஓட்டினார்கள். "கதவைத் திற. க்கும்." அந்த இடத்தில் நான் மூன்று தடவை வசனத்தைத் தவறவிட்டேன். டப்பிங் இயக்குநர் வயசு என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி நீல நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'இரு பிள்ளைகளின் தாய்' பக்கம் திறந்திருந்தது. "நமக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் இங்கே வந்துவிட்டாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்து மூன்று பேரும் நான்தான். எழுதி எழுதி அவள் வாயை அடைத்தது நான்தான். ஆனால் ஒரு கலைஞன் தன் கலையைக் காப்பாற்றியதை எந்தப் பிரிவின்கீழ் விசாரிப்பது என்று குழு யோசிக்க வேண்டும். ஒரு சின்ன விஷயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் இந்த அறையில்தான் இருக்கிறாள், கடைசி நாற்காலியில். சற்று முன்னால் தலைவர் அவளைப் பார்த்து, "உங்க அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். 'க்கும்' என்று ஒரு செருமல் மட்டும் வந்தது. கைக்குழந்தைக்கு அழும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் பார்த்தீர்கள். நான் செய்தது தப்பாக இருந்தால், அவள் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாளே.